வெயில் வார்டு

பித்தளைச் சொம்பைக் குலுக்கியவர் ஒரு விஞ்ஞானி. சுற்றி நின்று உற்றுப் பார்த்தவர்கள் வேலூரின் வார்டு கவுன்சிலர்கள். சொம்புக்குள் கைவிட வேண்டியவர்கள், கோடை விடுமுறையில் ஆராய்ச்சி கற்றுக்கொள்ள வந்திருந்த ஆறு கல்லூரிப் பிள்ளைகள். ஒரு பொத்தானைத் தட்டினால் கம்ப்யூட்டர் செய்துவிடும் வேலைக்கு எதற்கு இந்தச் சாமி குறி கேட்கும் ஏற்பாடு என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். முதலில் கம்ப்யூட்டர்தான் எடுத்தது. எடுத்த ஆறு வார்டில் நாலு ஆளுங்கட்சி வார்டாக அமைந்துவிட்டது. அன்று எழுந்த கூச்சலுக்குப் பிறகு அந்த விஞ்ஞானி, டாக்டர் கிருபாகரன், தன் வீட்டுப் பூஜையறையிலிருந்து சொம்புகளைக் கொண்டுவந்துவிட்டார்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. அரசனில்லாத கோட்டை, தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்த வருஷம் அதோடு மழையில்லாத மேகமும் சேர்ந்துகொண்டது. பாலாற்றங்கரையில் இருந்த வெயில் ஆய்வு நிலையத்தில் அதைக் குடைமேகம் என்றார்கள். விடிந்ததும் ட்ரோன்கள் உப்புநீரைப் பனிபோல நுணுக்கி மேலே தூவும். ஒரு வார்டின் அளவுக்கு மெல்லிய வெள்ளை மேகம் ஒன்று உருவாகி, காயப்போட்ட வேட்டி மாதிரி சாயங்காலம் வரை அங்கேயே நிற்கும். ஒரு சொட்டுப் பெய்யாது. ஆனால் அதன் கீழே நின்றால் மாமரத்தடியில் நிற்பதுபோல இருக்கும்.

ஒவ்வொரு சொம்பிலும் இரண்டு சீட்டு. ஒரே மாதிரி ஜனங்கள், ஒரே மாதிரி வீடுகள் உள்ள இரண்டு வார்டுகளின் பெயர்கள். எடுத்த சீட்டில் இருக்கும் வார்டுக்குக் குடை, மிச்சமிருக்கும் வார்டுக்கு வெயில். எடுத்தவரே மிச்சச் சீட்டையும் பிரித்து உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். இரண்டிலும் ஒரே பெயரை எழுதி ஏமாற்றவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

கடைசிச் சொம்பு மோனிஷாவிடம் வந்தது. கைக்குத் தட்டுப்பட்டதை எடுத்துப் பிரித்தாள்.

"பெருமாள்குப்பம்."

கைதட்டல் எழுந்தது. பெருமாள்குப்பத்துக் கவுன்சிலர் தேர்தலில் ஜெயித்தவர்போல நாலா பக்கமும் கும்பிட்டார். மோனிஷாவும் சிரித்துக்கொண்டே மிச்சச் சீட்டைப் பிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"சத்தமா படிம்மா" என்றார் கிருபாகரன்.

"காளவாய்மேடு."

அது அவள் பிறந்து வளர்ந்த இடம். அங்கே வேப்பமரத்து முனையில் அவளுடைய அப்பா ஏழுமலையும் அம்மா தேசம்மாவும் இஸ்திரி வண்டி வைத்திருந்தார்கள். கரி போட்ட பெட்டியைப் பிடித்துப் பிடித்து ஏழுமலையின் வலது உள்ளங்கை செருப்புத் தோல் மாதிரி ஆகியிருக்கும்.

அவள் உள்ளூர்க்காரி என்பது நிலையத்தில் யாருக்கும் தெரியாது. உள்ளூர்ப் பிள்ளைகளை எடுப்பதில்லை என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். அவள் படித்தது கோயம்புத்தூரில், அதனால் விடுதி விலாசத்தைக் கொடுத்துவிட்டாள். கிருபாகரனிடம் ஒரு கோடை வேலை பார்த்துவிட்டால் மேற்படிப்புக்கு எந்தக் கதவும் திறக்கும் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். காளவாய்மேட்டுக் கவுன்சிலராவது அவளைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் ஓட்டுக் கேட்டு வந்ததற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டாதவர். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

இத்தனை வருஷமாகக் குடை இல்லாமல்தானே இருக்கிறோம், புதிதாக என்ன வந்துவிடப் போகிறது என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அப்போது அது சரியாகத்தான் பட்டது.

மறுநாள் கிருபாகரன் ஆறு பேரையும் உட்காரவைத்து வேலையைச் சொன்னார். தாங்கள் சீட்டு எடுத்த இரண்டு வார்டுகளுக்கும் தினமும் போக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தெருவிலும் வெயிலால் மயங்கியவர்கள் எத்தனை பேர், இறந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான்.

"சார், எல்லா வார்டுக்கும் குடை போட முடியாதா?" என்று கேட்டாள் மோனிஷா.

"போடணும்னுதாம்மா எனக்கும் ஆசை. இருக்கிற ட்ரோன் ஆறு வார்டுக்குத்தான் காணும். மாவட்டம் பூரா போடணும்னா சர்க்கார் ஒத்துக்கணும். இதனால உயிர் பிழைச்சதுன்னு நாம காட்டினா ஒத்துக்குவாங்க. எதோட ஒப்பிட்டுக் காட்டுறது? பக்கத்துலயே குடை இல்லாத வார்டு ஒண்ணு வேணும்ல?"

"அப்போ அந்த வார்டுல சாகுதவங்க?" என்றான் இசக்கிராஜ். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். மனசில் பட்டதை வாயில் நிறுத்திவைக்கத் தெரியாதவன்.

"அவங்க நாம இங்க வராம இருந்திருந்தாலும் செத்திருப்பாங்க தம்பி."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேதான் கிருபாகரன் அதைச் சொன்னார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவருடைய தம்பி ஒரு மே மாதத்தில் கட்டட வேலை நடந்த இடத்தில் சுருண்டு விழுந்து எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் அவர் இந்த மேகத்தைப் பிடித்துக்கொண்டு அலைந்தார்.

"ஒண்ணு மட்டும் நினைவு வெச்சுக்கோங்க. வெயில் வார்டுல நீங்க யாருக்கும் யோசனை சொல்லக்கூடாது. தண்ணி குடிங்கன்னுகூடச் சொல்லக்கூடாது. நீங்க அங்க போகலைன்னா அவங்க எப்படி இருப்பாங்களோ அப்படியே இருக்கணும். அங்க எதுவும் செய்யாம இருக்கிறதுதான் உங்க வேலை."

"பிணம் எண்ற வேலைக்கு வந்திருக்கோம்" என்று வெளியே வந்ததும் ஃபர்ஹீன் முணுமுணுத்தாள். ஆம்பூர்க்காரி, மோனிஷாவின் அறைத்தோழி. பேச்சுக்குப் பேச்சு சிரிக்கிற அந்தப் பெண் அன்று சிரிக்கவில்லை.

பெருமாள்குப்பத்துக்கும் காளவாய்மேட்டுக்கும் நடுவே ஒரு தார்ச்சாலைதான். சாலையின் இந்தப் பக்கம் மேகம், அந்தப் பக்கம் வெயில். கத்திரி தொடங்கியதும் பெருமாள்குப்பத்துப் பிள்ளைகள் மத்தியானத்திலும் தெருவில் பந்து விளையாடினார்கள். எதிர்ப்பக்கத்தில் நாய்கூட வெளியே வரவில்லை. சாலையைக் கடக்கும்போதெல்லாம் மோனிஷாவுக்கு அடுப்பங்கரைக்குள் நுழைவது போல இருந்தது.

"இன்னாடி இது, சாலைக்கு அந்தாண்ட மட்டும் மேகம் நிக்குது? நம்ம தெருன்னா அதுக்குக்கூட எளக்காரமா?" என்று கேட்டாள் தேசம்மா.

"ஆராய்ச்சிம்மா. முடிஞ்சதும் எல்லாருக்கும் வரும்."

"எங்கப் பாத்தாலும் வரும் வரும்னுதான் சொல்றானுங்க" என்று தேசம்மா வேலையைப் பார்க்கப் போனாள். ஏழுமலை மட்டும் வருவோர் போவோரிடமெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டார். "எம்பொண்ணு மேகம் வுடுற ஆபீஸ்ல கீது." சாலைக்கு அந்தப் பக்கத்து மேகத்தையே மகள்தான் கட்டி நிறுத்தியிருக்கிறாள் என்கிற மாதிரி இருக்கும் அவர் பேச்சு.

அந்த வருஷத்து வெயில் வெறும் வெயில் இல்லை. காற்றில் ஈரம் கலந்த வெயில். உடம்பில் வேர்வை ஊறும், ஆனால் காயாது. வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு உள்ளே வெந்துகொண்டே இருக்கும். இது மோனிஷாவுக்குப் பாடப்புத்தகத்தில் தெரியும். காளவாய்மேட்டில் யாருக்கும் தெரியாது. அவர்கள் பழைய வெயில் என்று நினைத்துக்கொண்டு பழையபடியே நடமாடினார்கள்.

முதலில் போனவர் பாஷா பாய். தள்ளுவண்டியில் தர்பூசணி விற்பவர். வண்டியின் பெரிய குடைக்குக் கீழே, கையில் கத்தியோடு உட்கார்ந்தபடியே போய்விட்டார். தூங்குகிறார் என்று நினைத்து இரண்டு பேர் பழத்தை எடுத்துக்கொண்டு காசை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும் மோனிஷாவுக்கு நடுத்துண்டு வெட்டிக் கொடுத்த மனிதர் அவர். அவரை அவள் நிலையத்தில் கொடுத்திருந்த எண்ணும் கருவியில் ஒன்று என்று பதிந்தாள். பதிந்துவிட்டு சுகாதார நிலையத்துக் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதாள்.

அந்த வாரமே ஏழுமலைக்குத் தலைசுற்றியது. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்துவிட்டு வண்டிக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒருவருடைய கல்யாணப் பட்டு வேட்டி ஓட்டையாகிப் போனது. மோனிஷா போனபோது அவர் வேட்டியைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். பேச்சு குழறியது.

எதுவும் செய்யாமல் இருப்பதுதான் உங்கள் வேலை.

சொல்வது சுலபம். சொன்னவர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்தார். மோனிஷா வாளித் தண்ணீரைத் தூக்கி அப்பாவின் தலையில் ஊற்றினாள். உப்பும் சர்க்கரையும் கலந்து குடிக்கவைத்தாள். பிறகு அம்மாவைத் தனியே கூப்பிட்டாள்.

"எம்மா, நான் சொல்றத யாருகிட்டயும் நான் சொன்னேன்னு சொல்லாத. பத்து மணிக்கு மேல சாயங்காலம் வரைக்கும் யாரும் வெளியில இருக்கக்கூடாது. வீட்லயும் இருக்கக்கூடாது, சிமெண்ட் ஷீட் கொதிக்குது. குளிர்ச்சியா ஒரு எடம் வேணும்."

"குளிர்ச்சியா எங்கடி போறது? ஊட்டிக்கா?"

மோனிஷா ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். தெருக்கோடியில் புளி மண்டி ஜெயச்சந்திரனின் குளிர்பதனக் கிடங்கு இருந்தது. புளி கறுக்காமல் இருக்க வருஷம் முழுக்கக் குளிரிலேயே வைப்பார்கள். ஜெயச்சந்திரனின் வெள்ளைச் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவது ஏழுமலைதான். அந்த மடிப்புக்காகவே அவருக்கு ஏழுமலைமேல் ஒரு மரியாதை. தேசம்மா போய்ப் பேசினாள். பாஷா பாய் அவருக்கும் பழம் வெட்டிக் கொடுத்தவர்தான். முதல் தட்டிலேயே கதவு திறந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டுமே! அக்னி நட்சத்திரத்து உச்சிவெயிலில் காளவாய்மேடே போர்வையும் கம்பளியுமாகப் புறப்பட்டுப் போனது. புளி மூட்டைகள்மேல் ஏறிக் கிழவர்கள் தாயம் ஆடினார்கள். பிள்ளைகள் வாயிலிருந்து வரும் ஆவியை ஒருவர்மேல் ஒருவர் ஊதிக்கொண்டார்கள். தேசம்மா மஃப்ளர் கட்டிக்கொண்டு ரவிக்கைக்குக் கொக்கி வைத்தாள். ஏழுமலை மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "புளி வாசனைக்கு நாக்குல எச்சி ஊறிகினே கீது, அதான் ஒரே கஷ்டம்" என்றார். மோனிஷா கதவருகே நின்று பார்த்தாள். அந்த ஆறு வாரமும் அவள் நெஞ்சு நிறைந்திருந்தது. நெஞ்சோரத்தில் ஒரு முள் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

வெயில் வார்டில் மயங்கியவர்கள் குறைந்துபோனார்கள். இறந்தவர்கள் பாஷா பாய்க்குப் பிறகு யாருமில்லை. உள்ளதை உள்ளபடி பதிந்தாள். எண்ணில் பொய் சொல்ல அவளுக்குக் கை வராது. ஆறு ஜோடியில் ஒரு ஜோடிதானே, மீதி ஐந்தும் உண்மையைச் சொல்லிவிடும், ஒன்று பிசகினாலும் கணக்கு தாங்கும் என்று நினைத்துக்கொண்டாள். புள்ளியியல் படித்த பிள்ளை அப்படித்தான் நினைக்கும். படிக்காதவர்களுக்கு இப்படித் தைரியமாகத் தப்பு செய்ய வராது.

ஜூன் கடைசியில் முடிவு சொல்லும் நாள் வந்தது. கிருபாகரன் திரையில் படத்தைப் போட்டார். இரண்டு கோடுகள் இருந்தன, ஒன்று குடை வார்டுகளுக்கு, இன்னொன்று வெயில் வார்டுகளுக்கு. இரண்டும் கைகோத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் போயின.

"வித்தியாசம் இல்லை" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. "மேகம் வந்துச்சு, நிழல் வந்துச்சு, சூடு குறைஞ்சுது. ஆனா அதனால ஒரு உயிர்கூடக் கூடுதலா பிழைக்கலைன்னு எண் சொல்லுது. இத நான் அரசாங்கத்துக்கு எழுதணும். எழுதினா அடுத்த வருஷம் ட்ரோன் இருக்காது. இந்த நிலையமும் இருக்காது."

ஒரு ஜோடி பிசகியதால் இப்படி ஆக முடியாதே! மோனிஷா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள், ஒத்துவரவில்லை. எது எப்படியானாலும் சொல்லிவிடுவது என்று எழுந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே பக்கத்து நாற்காலி நகர்ந்தது.

"சார், என் வார்டுக் கணக்கை எடுத்திருங்க. அது சரி கெடையாது" என்றான் இசக்கிராஜ். "அங்கன ஒரு டீக்கடைல தெனமும் உக்காருவேன். அந்தக் கடைக்காரர் சம்சாரத்துக்கு ஏழு மாசம். பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியல. என்னென்ன செய்யணும்னு சொன்னேன். அவங்க ஊருக்கே சொல்லிட்டாங்க. ஒரு வார்டுதானேன்னு நெனச்சேன் சார்."

ஃபர்ஹீன் எழுந்தாள். "நானும் சார். பள்ளிவாசல்ல ஏசி ஹால் இருந்துச்சு. அதை நிர்வாகம் பண்ற முத்தவல்லிகிட்ட பேசி மத்தியானத்துல எல்லாருக்கும் திறந்துவிடச் சொன்னேன். ஒரு வார்டுதானேன்னு..."

மோனிஷா புளிக் கிடங்கைச் சொன்னாள். தான் உள்ளூர்க்காரி என்பதையும் சொன்னாள். மற்ற மூன்று பேரும் தலை குனிந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

ஆறு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டு, அதே காரியத்தைச் செய்திருந்தார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே பாத்திரத்துச் சோறு தின்றுகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு செய்திருந்தார்கள்.

கிருபாகரன் திரையை அணைத்தார். திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேர்காணல்ல உங்ககிட்ட என்ன பார்த்தேன் தெரியுமா?" என்றார் கடைசியில். "நல்ல பிள்ளைகளான்னு பார்த்தேன். அதுதான் நான் செஞ்ச தப்பு."

"இப்ப என்ன சார் ஆகும்?" என்றாள் ஃபர்ஹீன்.

"இப்ப உண்மையை எழுதலாம். இந்த வருஷத்து எண் செல்லாது, இன்னொரு கோடை குடுங்கன்னு கேக்கலாம். குடுப்பாங்க."

"அப்போ நல்லதுதானே சார்" என்றாள் மோனிஷா. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. "மறுபடியும் சீட்டு எடுப்பீங்கல்ல?"

கிருபாகரன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "சீட்டு என்னம்மா தப்பு பண்ணிச்சு? கவுன்சிலர்களுக்கு முன்னாடி எடுத்தது. குலுக்கல் செல்லும். எண்தான் செல்லாது. அதே ஆறு வார்டுக்குக் குடை, அதே ஆறு வார்டுக்கு வெயில்."

யாருக்கும் சான்றிதழ் கொடுக்கப்படவில்லை. பஸ் நிலையத்தில் பிரியும்போது இசக்கிராஜ், "நாம செஞ்சது நல்லதா கெட்டதான்னு யாராவது கேட்டா என்னத்தச் சொல்ல?" என்றான்.

சான்றிதழ் எங்கே என்று வீட்டில் கேட்டார்கள். பொய் சொல்லிப் பொய் சொல்லிச் சலித்துப்போயிருந்த மோனிஷா எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னாள். சோதனை என்றால் என்ன, ஒப்பிடுவது என்றால் என்ன, புளிக் கிடங்கில் போய் உட்கார்ந்ததால் எப்படி வித்தியாசம் தெரியாமல் போயிற்று என்று பாடம் நடத்துவதுபோல விளக்கினாள். ஏழுமலை ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார். தேசம்மா மறுநாள் குழாயடியில் சொன்னாள். சாயங்காலத்துக்குள் காளவாய்மேடு முழுக்கத் தெரிந்துவிட்டது. மோனிஷா தன் வாழ்க்கையிலேயே இவ்வளவு நன்றாக யாருக்கும் எதையும் விளக்கியதில்லை. விளக்காமலே இருந்திருக்கலாம்.

அடுத்த மே மாதம் படிப்பை முடித்துக்கொண்டு அவள் ஊருக்கு வந்தாள். கத்திரி தொடங்கியிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பெருமாள்குப்பத்தின்மேல் வெள்ளை வெளேரென்று மேகம் நின்றது. காற்றில் அதே பிசுபிசுப்பு. மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு புளிக் கிடங்குக்குத்தான் போனாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மூட்டைகளைத் தவிர ஒருவரும் இல்லை.

"நான் எப்பவும்போலத் தொறந்துதாம்மா வெச்சிக்கீறேன்" என்றார் ஜெயச்சந்திரன். "ஒருத்தரும் வரல. கூப்ட்டுப் பாத்துட்டேன், வரமாட்டேன்றாங்க."

தெருவுக்கு ஓடினாள். வேப்பமரத்து முனையில் இஸ்திரி வண்டி நின்றது. கரிப்பெட்டி புகைந்துகொண்டிருந்தது. சட்டையில்லாத ஏழுமலையின் முதுகில் வேர்வை எண்ணெய் மாதிரி நின்றது, வழியவுமில்லை, காயவுமில்லை. சற்றுத் தள்ளிப் பாஷா பாயின் மகன் அப்பாவின் குடையை விரித்துக்கொண்டு தர்பூசணி விற்றுக்கொண்டிருந்தான். தேசம்மா வீடு வீடாகத் துணி வாங்கப் போயிருந்தாள்.

"நைனா! பைத்தியமா உனக்கு? உள்ள போ நைனா!"

"வந்துட்டியா கண்ணு? சாப்டியா?"

"கிடங்குக்குப் போ நைனா. கால்ல வேணும்னாலும் வுழறேன்."

"போன வருஷம் போனோமே" என்றார் ஏழுமலை துணியைத் தேய்த்துக்கொண்டே. "நாங்க ஒளிஞ்சிகினதாலதான் குடை வராம பூட்ச்சு. நீதான சொன்ன? இந்த வருஷம் ஒளிய வேணாம்னு தெருவுல எல்லாம் கூடிப் பேசிட்டோம். இந்த ஒரு கோடைதான கண்ணு. வித்தியாசம் தெரிஞ்சா நமக்கும் குடை வரும், ஊர் பூரா வரும். ஒண்ணும் பேசாத நீ."

"வேணும்னே வெயில்ல நின்னா அதுவும் தப்பு நைனா! அப்பவும் அந்த எண் செல்லாது!"

ஏழுமலை பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். கோபமே இல்லாத முகம்.

"வேணும்னேவா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து மத்தியானம் இந்த எடத்துலதாண்டி நிக்கிறேன். புதுசா இன்னா செஞ்சிட்டேன்? நீங்க யாரும் வரலேன்னா எப்டி இருப்போமோ அப்டித்தான கீறோம்?"

அவர் சொன்னது சரி. சோதனை கேட்டதும் அதைத்தான். அவளுடைய படிப்பில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அவரை மறுக்க ஒரு வரி கிடைக்காது. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். தோல் நெருப்பாகச் சுட்டது. அவர் நகரவில்லை.

அப்போது சுகாதார நிலையத்துப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். வட்டத் தொப்பி, தோளில் பை, கையில் அதே எண்ணும் கருவி. இந்த வருஷத்துப் பிள்ளை. வண்டிக்கு எட்டத்தில் நின்று கொஞ்ச நேரம் ஏழுமலையையே பார்த்தாள். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மோனிஷாவிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, இவர் உங்க அப்பாவா? உடனே உள்ள கூட்டிட்டுப் போங்கக்கா. தலையில தண்ணி ஊத்துங்க. இது ஆபத்தான வெயில். நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, நாங்க எதுவும் சொல்லக்கூடாது." கொஞ்சம் தயங்கிவிட்டுத் தனக்கே சொல்லிக்கொள்வது போல, "ஒரு வார்டுதானே, ஒண்ணும் ஆகாது" என்றாள்.

மோனிஷாவுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. வாயைப் பொத்தி அனுப்பிவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றாள்.

ஆனால் ஏழுமலைக்குக் காது கூர்மை.

"பாப்பா" என்றார். குரல் லேசாகக் குழறியது. "உன் வேலை எண்றதுதான? எண்ணிக்கினு போம்மா. வேற ஒண்ணும் சொல்லாத. போன வருஷம் இப்டித்தான் ஒரு பொண்ணு சொல்லிக் கெடுத்துட்டா."

சொல்லிவிட்டு மகளைப் பார்த்து, விளையாட்டாக ஒரு கண்ணைச் சிமிட்டினார். அடுத்த சட்டையை எடுத்து உதறி விரித்தார். பெட்டியைத் தூக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.